நாலு அடிக்கான இடம்

1.
படார்! டிரம் குச்சி ஒன்று சுவரில் பட்டுத் தெறித்தது. கூடவே ஒரு கத்தல்: "அப்ப நான் எதுக்குக்கா?"

ஒத்திகை அறைக்குப் பக்கத்து அறையில், தொடர்கதைக்கு முடிவு தேடிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது இவ்வளவுதான். பிறகு மேடையைக் கண்ணால் பார்த்தேன். மிச்சம் என் கைச்சரக்கு.

2.
முதலில் அவர்களைக் கணவன் மனைவியாக எழுதினேன். (சண்டை ருசித்தது, அந்த 'அக்கா'வை என்ன செய்வது? எழுதியதை அடித்துவிட்டேன்.) இப்போது அக்கா பாடுகிறாள், தம்பி டிரம்ஸ். இந்த வாரம் அவன் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். இதுதான் கடைசி மேடை.

பாட்டு உங்களுக்கும் தெரிந்ததுதான். "நின்னுட்டுப் போ!" என்று எதிரியைச் சண்டைக்கு இழுக்கும் ராக் பாட்டு. ஒவ்வொரு "நின்னுட்டுப் போ"வுக்கும் முன்னால் டிரம்மில் நாலு அடி. அதைப் பெஞ்சில் தட்டாமல் கல்லூரியை முடித்தவர் கிடையாது. அந்தப் பாட்டுக்குத்தான் டிரம் வேண்டாம் என்கிறாள்.

"மேடையில சும்மா உக்கார நான் என்ன பூத்தொட்டியா?"

"எறிஞ்சு முடிச்சாச்சா? குச்சியைப் பொறுக்கிட்டு வா. கையில வெச்சுக்கோ, அடிக்காதே."

3.
அவள் குரல் தேனாக... (வேண்டாம். எத்தனை குரலைத்தான் தேனில் முக்குவது?)

மேடையில், கத்த வேண்டிய பாட்டை, வாசலில் செருப்பு மாட்டுகிறவனிடம் பேசுவதுபோலப் பாடினாள். நாலு அடி வர வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். பழக்கதோஷம், தம்பியின் கை எழுந்தது. டிரம்முக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது.

பிறகுதான் வந்தது அந்த "நின்னுட்டுப் போ", ஒரே ஒருவனுக்குக் கேட்டால் போதும் என்பதுபோல. கூடச் சேர்ந்து கத்தத் திறந்த வாய்களைக் கூட்டத்தில் யாரும் மூடவில்லை. நானும் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அந்தப் பாட்டைக் கேட்டது அன்றுதான்.

4.
முடிவு ஒன்று: தம்பி வேலையை உதறுகிறான். (வாசகர் கடிதம் குவியும். அக்காதான் என்னை மன்னிக்க மாட்டாள்.)

முடிவு இரண்டு: அவன் கப்பல் ஏறுகிறான், அவள் அடுத்த மேடையில்...

கதை நகர மாட்டேன் என்கிறது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் பின்னால், குச்சிகளைப் பைக்குள் திணித்தபடி அவன் கேட்டதையும் அவள் சொன்னதையும் மட்டும் தந்துவிடுகிறேன்.

"டிரம்மே வேணாம்னே. அப்புறம் அந்த நாலு அடிக்கு மட்டும் எதுக்குக்கா காத்துக்கிட்டு நின்னே?"

"நீ இல்லாம அந்த இடத்தைத் தாண்ட முடியுதான்னு, நீ இருக்கும்போதே பாத்துக்கிட்டேன்டா."