பன்னிரண்டு பத்துக்குப் படிக்கிற பெயர்கள்

எங்கள் ஊர் ஏ.எம். ரேடியோ ஐந்து கை மாறியாயிற்று. முதலில் விதைக்கடை ஆல்வின். சோள விலையும் போல்கா பாட்டும். பிறகு ஒமாஹா நகரத்திலிருந்து ஒரு பல் டாக்டர், பழைய பாட்டாகப் போட்டுத் தள்ளினார். அப்புறம் டெக்சாஸ் கம்பெனி. முகம் தெரியாத யாரோ நாள் முழுக்கக் கால்பந்தைப் பற்றி மைக்கில் சண்டை போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு சபைக்காரர்கள், விடிந்தால் பிரசங்கம். யார் வந்தாலும் என் பத்து நிமிடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. மதியம் பன்னிரண்டு பத்துக்கு மரண அறிவிப்பு வாசிப்பவள் நான், லோர்னா ஹூப்னர். இருபத்தாறு வருஷம். என் புருஷன் போனதையும் நானேதான் வாசித்தேன்.

ஐந்தாவதாக எவுலாலியோ பர்ராகான் வந்தார். ஊர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிற மெக்சிகோக் குடும்பங்களுக்காக, திங்கள் முதல் எல்லாமே ஸ்பானிஷ் என்று ஊரில் பேச்சு. வியாழக்கிழமை என் மேஜையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். முழுக்க ஸ்பானிஷ். எனக்கு வந்ததே கோபம்! வெளியே போ என்பதையாவது புரிகிற மாதிரி சொல்லக்கூடாதா? கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தேன். போய்க் கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கிற ஜாதி இல்லை; முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஜாதி.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு முடிந்ததும் மைக்கில் சொன்னேன்: "இதோட நம்ம பன்னெண்டு பத்தும் போய்ச் சேர்ந்துடுச்சு. எல்லாரும் நல்லா இருங்க." அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அழுதுவிட்டேன்.

திங்கள் காலை இழுப்பறையைக் காலி செய்ய அட்டைப்பெட்டியோடு போனால், வரவேற்பு மேஜை கொள்ளாமல் கேசரோல்! எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்குத்தான் அதைக் கொண்டுபோவோம். உருளைக்கிழங்கும் சீஸும் கோழியும் சேர்த்து வேகவைத்தது, கண்ணாடித் தட்டில் சுடச்சுட. எண்ணினேன், பத்தொன்பது. நடுவில் நின்று எவுலாலியோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க லோர்னாம்மா! மூணு ஊர்ல ரேடியோ நடத்தியிருக்கேன். ஒருத்தரும் வாங்கன்னு சொன்னதில்ல. இங்க சாப்பாடே கொண்டுவந்துட்டாங்க!"

கறுப்புக் கவுனில் வந்திருந்த என் சிநேகிதி வெர்னா காதைக் கடித்தாள். "அடியே, ரேடியோ செத்துப்போச்சுன்னு நான் துக்கத்துக்கு வந்தா, இந்த மனுஷன் விருந்துங்கறாரு!"

"வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ."

எவுலாலியோ என் பெட்டியைப் பார்த்தார். "உங்க நேரத்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே, எங்க கெளம்பிட்டீங்க?"

"எந்த நேரம்?"

"பன்னெண்டு பத்து! ஸ்பானிஷ்ல அடிச்ச புது நிகழ்ச்சிப் பட்டியலை உங்க மேஜைல வச்சேனே. நீங்க இங்கிலீஷ்ல, அப்புறம் நான் ஸ்பானிஷ்ல. பக்கத்துல நின்னு கறி வெட்டினவன் செத்தா எங்காளுக்குத் தெரிய வேணாமா? எங்காள் செத்தா உங்களுக்குத் தெரிய வேணாமா?"

ஓடிப்போய்க் குப்பைக்கூடையைத் துழாவினேன். நல்லவேளை, யாரும் கொட்டவில்லை. 12:10. பக்கத்திலேயே லோர்னா ஹூப்னர். எந்த மொழிக்காரன் எழுதினாலும் என் பெயர் என் பெயர்தானே! மூதேவி, அதைக்கூடப் பார்க்கவில்லை நான். போன உயிர் திரும்பி வந்தது.

மறைக்க மனசு வரவில்லை. "இது வரவேற்பு இல்லீங்க. இழவுச் சாப்பாடு. நீங்க நிறுத்திட்டீங்கன்னு நான்தான் ஊருக்கே சொல்லிட்டேன்."

அவர் மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு செத்தது?"

"யாரும் சாகல."

"அப்ப சாப்பிடலாம்," என்று கரண்டியை எடுத்தார். "தட்டெல்லாம் யாருக்குத் திருப்பித் தரணும்?"

"அடியில பேர் ஒட்டியிருக்கும்."

பன்னிரண்டு பத்து. அன்றைக்கு ஊரில் சாவே இல்லை. மைக்கைக் கிட்டே இழுத்தேன். "நான் எங்கயும் போகல. இன்னிக்கு அறிவிப்பு இல்ல, ஆனா பத்தொம்பது பேரோட பேரைப் படிக்கிறேன். பதறாதீங்க, எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க. வந்து தட்டை வாங்கிட்டுப் போங்க." நான் படித்து முடித்ததும் அவர் ஸ்பானிஷில் அதே பெயர்களை, ஒவ்வொன்றையும் நிதானமாக, பாட்டுப் போலப் படித்தார்.

முடிவதற்குள் போன் அடித்தது. வெர்னா.

"சாவு படிக்கிற நேரத்துல என் பேரைக் கேட்டு நெஞ்சே நின்னுபோச்சுடி, பாவி!" மூக்கை உறிஞ்சினாள். "அவரை இன்னொரு தடவை படிக்கச் சொல்லு."