பூட்டுக்காரர் கடையில் திருட்டு

பூட்டு தொங்கிய இடத்திலேயே தொங்கியது. கதவில் ஒரு கீறல் இல்லை. உள்ளே சாவி வெட்டும் இயந்திரம் மட்டும் இல்லை.

மேசை மேல் தூசி படியாத ஒரு சதுரம் இருந்தது. எங்காவது மாற்றி வைத்துவிட்டோமோ என்று பூட்டுக்காரர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். இருபது கிலோ இரும்பை யாரும் மாற்றி வைப்பதில்லை. திருடன் நிதானமாக வேலை செய்திருந்தான். இயந்திரத்தைப் பிடித்திருந்த நான்கு திருகுகளையும் கழற்றி, உருண்டு விழாதபடி ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தான். போகும்போது கதவையும் பூட்டியிருந்தான்.

"பொறுப்பான ஆளு," என்றாள் மனைவி.

அந்த இயந்திரம் இல்லாவிட்டால் கடையைத் திறந்து என்ன, மூடி என்ன? புதிதாக வாங்க வழியில்லை. இருந்தது இன்சூரன்ஸ் ஒன்றுதான். அதை எடுத்துக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. போன் போட்ட பத்தாவது நிமிடம் பாலிசிக் காகிதத்தோடு வந்து நின்றான்.

"மாமா, பூட்டை உடைச்சிருக்கானா?"

"என் பூட்டை எவன்டா உடைப்பான்?"

"அங்கதான் சிக்கல். உடைச்சிருந்தா பணம் வரும். கம்பியை விட்டு நோண்டித் திறந்திருந்தாலும் வரும். சாவி போட்டுத் திறந்திருந்தா வராது."

"அதென்ன நியாயம்?"

"சாவிக்குத் தனியா ஒண்ணு சேர்த்துக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பூட்டுக்காரனுக்கே சாவி இன்சூரன்ஸான்னு அரை மணி நேரம் சிரிச்சீங்க."

"கால் மணி நேரம்தான்."

"தூக்கத்துலயும் சிரிச்சாரு," என்றாள் மனைவி.

பதினொரு மணிக்கு, நஷ்டத்தை நேரில் பார்த்து எழுத, இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். கண்ணாடி போட்ட அம்மாள். அந்தக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்திருந்தார்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தான் மேடம். ஒரே சாவி."

அவர் தலையாட்டிவிட்டுக் கதவைப் பார்க்க வெளியே போனார். பூட்டுக்காரர் தன் ஒழுங்கை நிரூபிக்க ஒரு நோட்டை எடுத்தார். அவர் வெட்டும் ஒவ்வொரு சாவிக்கும் அதில் ஒரு வரி உண்டு. கதவின் விலாசம், போன் நம்பர், இரண்டையும் கேட்பவர் தன் கையால் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வெட்டித் தரமாட்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பியவரின் விரல் திங்கட்கிழமையில் நின்றது.

"மாப்ளே, இந்த விலாசம் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

மச்சினன் எட்டிப் பார்த்தான். "நாம நிக்கற விலாசம் மாமா."

"நம்ம கடையில யாருடா குடியிருக்கறது?"

மச்சினன் அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டான். மணி அடித்தது.

"இரு, எனக்கு யாரோ கூப்பிடறாங்க," என்று பூட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ஹலோ?"

"டேய், நீதான் திருடனா?" என்றான் மச்சினன், அரை அடி தூரத்திலிருந்து.

"இல்லீங்களே, நான் பூட்டுக்கடை வெச்சிருக்கேன்."

மனைவி இருவர் கையிலிருந்தும் போனைப் பிடுங்கி அணைத்தாள்.

இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை, மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர். மேசையில் கிடந்த சாவியை எடுத்து நீட்டி, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார். பூட்டுக்காரர் ஆளைப் பார்க்கமாட்டார், சாவியைத்தான் பார்ப்பார். இதை வெட்டினவன் நல்ல கைகாரன் என்று வாயாரப் பாராட்டினார். அந்த ஆள் புதுசை எடுத்துக்கொண்டு பழசை விட்டுப் போனார். இவர் சாவியோடு தெருமுனை வரை ஓடினார். "எனக்கு ஒண்ணு போதுங்க, அதை நீங்களே வெச்சுக்குங்க" என்றார் அவர். எவ்வளவு நம்பிக்கையான மனிதர் என்று வியந்தபடி, அதே சாவியால் அன்று கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"மாமா," என்றான் மச்சினன் மெல்லிய குரலில், "வாயைத் திறக்காதீங்க." நோட்டைப் பிடுங்கி முக்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

சர்வேயர் உள்ளே வந்தார். "பார்த்துட்டேன். சாவித் துவாரத்துல மெல்லிசா ஒரு கோடு இருக்கு. கம்பி விட்டிருக்கான். உங்களுக்குப் பணம் வரும். அறிக்கையைப் படிக்கறேன், கையெழுத்துப் போடுங்க."

மச்சினன் முகம் மலர்ந்தது. மனைவி பேனாவை நீட்டினாள். பூட்டுக்காரர் வாங்கினார்.

"'பூட்டு மட்டமான வேலைப்பாடு,'" என்று படித்தார் சர்வேயர். "'சாதாரணக் கம்பிக்கே திறந்துகொண்டது.'"

பேனா நின்றது.

"மட்டமானன்னு போட்டிருக்கா?"

"ஆமா."

"சாதாரணக் கம்பியா?"

"மாமா, போடுங்க," என்றான் மச்சினன்.

"அது நான் செஞ்ச பூட்டுடா!"

"இப்ப அது யாருக்குத் தெரியணும்?"

"ஏங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டுடுங்க," என்றாள் மனைவி.

பூட்டுக்காரர் பல்லைக் கடித்தார். பெயரின் முதல் எழுத்துவரை போட்டார். அதற்கு மேல் கை வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு மச்சினனைத் தோளைப் பிடித்து எழுப்பி, நோட்டை உருவி சர்வேயரிடம் கொடுத்தார்.

"மேடம், கம்பி இல்ல, கடப்பாரைக்கே அது அசையாது. நானே சாவி வெட்டிக் குடுத்தேன். அதனாலதான் திறந்துச்சு."

சர்வேயர் பக்கத்தைப் படித்தார். பூதக்கண்ணாடி வைத்து மறுபடி படித்தார். "இப்படி எழுதினா பணம் வராது. புரியுதா?"

"புரியுது மேடம்."

அவர் அறிக்கையில் கம்பியை அடித்தார். மட்டத்தையும் அடித்தார். மச்சினன் முக்காலி இருப்பதாக நினைத்துத் தரையில் உட்கார்ந்தான்.

"இன்னொண்ணு மேடம். சாவி சரியில்ல, கொஞ்சம் தேச்சுக் குடுன்னு அந்த ஆளு திரும்பி வரவே இல்ல. முதல் தடவையே பொருந்தியிருக்கு. அதையும் சேர்த்துக்குங்க."

சர்வேயர் அதையும் எழுதினார். இந்த முறை பூட்டுக்காரர் முழுப் பெயரையும், இனிஷியலோடு, அழகாக எழுதினார்.

மனைவி உள்ளே போய்ப் பழைய டப்பா ஒன்றைக் கவிழ்த்து, துருப்பிடித்த அரம் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். வாசலில் ஒரு பெண் சாவி ஒன்றை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கையால ராவினா முக்கால் மணி நேரம் ஆகும். உட்காருங்க," என்றாள் மனைவி அவளிடம். பிறகு கணவனைப் பார்த்தாள். "முதல்ல அது யாரோட சாவின்னு பாருங்க."