தம்பி எடுத்த டிஸ்க்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் சும்மா இருக்காது. லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போடும்போதுகூட, கீழே காத்திருக்கிறவர்களோடு பேசிக்கொண்டேதான் இருப்பார். அவர் மனைவி நீச்சல் கோச். குளத்தின் இந்தக் கரையில் நின்று ஒரு சத்தம் போட்டால் அந்தக் கரையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். விசிலே வைத்துக்கொண்டதில்லை. இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள்.

பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர்கள் குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. குளத்துக்குப் போவதும் அதோடு நின்றது. இப்போது டார்ச் லைட் போன்ற ஒரு சின்னக் கருவியைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு பேசுகிறாள். ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரே மாதிரி வரும் சத்தம்.

"உங்க லிஃப்டுல 'கதவு மூடுகிறது'ன்னு ஒருத்தி சொல்லுவாளே, நான் அவளுக்குத் தங்கச்சி" என்றாள், கருவி வந்த முதல் வாரம். மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் கழுவ எழுந்து போய்விட்டார்.

அவளிடம் நீச்சல் படித்த ஒரு பெண் இப்போது அதே குளத்தில் கோச்சாக இருக்கிறாள். அவள் ஒருநாள் மெக்கானிக்குக்கு போன் செய்தாள்.

"அங்கிள், மேடத்தைப் பத்தி சின்னதா ஒரு படம் பண்றோம். குளத்தோட ஆண்டு விழாவுல போடப்போறோம். பழைய வீடியோ ஏதாவது இருக்கா?"

"இருக்கான்னா கேக்கறே? டப்பா நிறைய டிஸ்க் இருக்கும்மா!"

"டிஸ்க்கா குடுத்தா நான் எதுல போட்டுப் பாக்கறது? கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டற மாதிரி ஃபைலா வேணும் அங்கிள். முக்கியமா மேடம் குரல் வேணும். புதுசா வந்த பிள்ளைங்க யாருமே அதைக் கேட்டதில்ல."

அலமாரியின் மேல் தட்டிலிருந்து செருப்பு டப்பாவை மெக்கானிக் இறக்கினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னச் சின்ன டிஸ்குகள். அவற்றை எடுத்த கேமரா ஒரு விடுமுறையில் கடற்கரை மணல் புகுந்து செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லை. கடைக்குப் போய், கம்பி வைத்து இணைக்கிற டிரைவ் ஒன்று வாங்கி வந்தார். அதன் தட்டின் நடுவே சின்ன டிஸ்குக்கென்றே ஒரு பள்ளம் இருந்தது. டிஸ்க்கை வைத்துத் தள்ளினார். அது கொஞ்சம் முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

உள்ளே இருந்த ஃபைல்களை அப்படியே கம்ப்யூட்டரில் இறக்கி, பெயரின் கடைசி மூன்று எழுத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார். படம் ஓடியது. ஆனால் உதடு முன்னால் போனது, சத்தம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. அது சரிப்படாது என்று, ஃபைலையே முறையாக மாற்றித் தருகிற ஒரு மென்பொருளை இறக்கினார். இப்போது சத்தம் சரியாகிவிட்டது. ஆனால் யாராவது கையை வீசினால் கையின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்து தெரிந்தது. அதற்கும் ஓர் இடத்தில் டிக் போட வேண்டும் என்று தேடிக் கண்டுபிடித்தார். வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் இதே வேலை. மனுஷருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்டார்.

"இதோ, இதோ வர்றாங்க பாருங்க நம்ம கோச்! கோச் அவர்களே, உலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க!"

அது அவர் குரல். கேமராவுக்குப் பின்னாலிருந்து, மைக்கை விழுங்கிவிடுவது போல. திரையில் மனைவி ஈரத் துண்டோடு வாயைத் திறந்தாள். "நான் என்னத்தை..."

"வெக்கப்படறாங்க! வெக்கப்படறாங்க!"

அடுத்த டிஸ்கில் அவள் ஒரு பிள்ளைக்குக் கையை எப்படி மடக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. மேலே அவர் குரல் மட்டும் குளத்தின் நீளம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் அவள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அவர் அதற்கு முன்பே சிரித்துவிட்டிருந்தார்.

வெட்டி ஒட்டலாம்தான். ஆனால் ஒரே ஒலியில் இரண்டு குரலும் கலந்து கிடக்கும்போது எதை வெட்டி எதை வைப்பது?

மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். கருவியைக் கழுத்தில் வைத்தாள்.

"யாருங்க அந்த ஆளு? வாயை மூடவே மாட்டாரா?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. டீயை அப்படியே வைத்திருந்தார்.

டப்பாவின் அடியில் ஒரு டிஸ்க் மிச்சமிருந்தது. அதன்மேல் 'போட்டி நாள்' என்று நுணுக்கி எழுதியிருந்தது. அது அவர் தம்பியின் கையெழுத்து. உள்ளே போட்டார். டிஸ்க் காலியாக இருக்கிறது, எழுதுவதற்குத் தயார் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. காலி டிஸ்க்கை வைத்திருந்து என்ன பயன் என்று அவர் விரல் பட்டனுக்குப் போனது. மனைவி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். டிஸ்க்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். பளபளப்பின் நடுவே ஒரு வட்டம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது.

"காலியில்ல. இது வரைக்கும் எழுதியிருக்கு" என்றாள்.

தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. அந்தக் கேமராக்களில் படம் எடுத்து முடித்ததும், இனி எதுவும் எழுதப்போவதில்லை என்று டிஸ்க்கை முடித்து வைக்க வேண்டும். முடித்து வைக்காத டிஸ்க் மற்ற மெஷின்களுக்கு வெறும் தட்டுத்தான். எடுத்த கேமராவிலேயே போட்டு முடித்தால்தான் கம்ப்யூட்டர் படிக்கும். எடுத்த கேமரா தம்பியினுடையது. தம்பியோடு அவர் பேசுவதில்லை.

சண்டை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு நோய் என்று தெரிவதற்குப் பல மாதம் முன்பு தம்பி ஒருமுறை, "அண்ணா, அண்ணி குரல் கரகரன்னு இருக்கு. யாரையாவது காட்டுங்களேன்" என்றான். "குளத்துல நாள் பூரா கத்தினா கரகரன்னுதான்டா இருக்கும்" என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார். பிறகு ஆஸ்பத்திரி வராண்டாவில் டாக்டர் முடிவைச் சொல்லிவிட்டுப் போனதும், பக்கத்தில் நின்ற தம்பி மெதுவாக, "நான் அப்பவே சொன்னேன்" என்றான். அந்த மூன்று வார்த்தைதான். அன்றைக்குப் பேச்சு முறிந்தது.

"வேற யார்கிட்டயாவது அந்தக் கேமரா இருக்கும். தேடிப் பாக்கறேன்" என்றார் மெக்கானிக்.

"வேணாம். நான் மெசேஜ் போட்டாச்சு."

"யாருக்கு?"

"உங்க தம்பிக்கு."

"அவன் நம்பர் உன்கிட்ட எப்படி?"

"நாங்க பேசிட்டுத்தானே இருக்கோம். டைப் பண்ணித்தான். அவருக்கும் அதுதான் வசதி." அவள் கருவியைத் தோளில் துடைத்தாள். "நாளைக்குக் கடையிலதான் இருப்பாராம். போய்ட்டு வாங்க."

தம்பி மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கிறவன். கடையின் பின்பக்கம் ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை. தேய்க்கும் மெஷினில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, தம்பியின் ஏப்ரனெல்லாம் லென்ஸ் தேய்த்த வெள்ளை மாவு. மெக்கானிக் சட்டைப் பையில் டிஸ்கோடு வாசலில் நின்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"வாங்கண்ணா. உக்காருங்க" என்று தம்பி ஸ்டூலைத் தள்ளினான். மேஜைக்கு அடியிலிருந்து கேமராப் பையை எடுத்தான். கேமரா, சார்ஜர், கம்பி எல்லாம் துணியில் சுற்றி வைத்தது வைத்தபடி இருந்தன. "பேட்டரியில முடிக்காது. கரண்ட்லதான் போடணும்."

டிஸ்க்கை உள்ளே வைத்து மூடினான். கேமரா ஏதோ முயன்று பார்த்துவிட்டு, டிஸ்க்கைச் சரிபார்க்கவும் என்றது. மெக்கானிக் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். தம்பி பதறவில்லை. மூடியைத் திறந்து, லென்சுக்குக் காற்றடிக்கிற ரப்பர் குமிழால் உள்ளே இரண்டு தரம் ஊதினான். லென்ஸ் துடைக்கிற துணியின் முனையால் உள்ளே டிஸ்க்கைப் படிக்கிற சின்னக் கண்ணை ஒற்றி எடுத்தான். திரும்பப் போட்டான். திரையில் தண்ணீர் நிறத்தில் சின்னச் சின்னப் படக் கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன.

"இருக்கு" என்றான்.

முடிக்கவா என்று கேட்டது கேமரா. அசைக்கக் கூடாது, கம்பியைப் பிடுங்கக் கூடாது என்று எச்சரிக்கையும் வந்தது. தம்பி தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு வந்தான். "அது ஓடினா மேஜை அதிரும்." பட்டனை அழுத்தினான். கோடு ஒன்று எறும்பு ஊர்வது போல நகர ஆரம்பித்தது.

மேஜையில் முழங்கை படாமல் இரண்டு பேரும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ சொன்னது சரிதாண்டா" என்றார் மெக்கானிக். "சரியா இருந்ததுதான் தாங்க முடியல."

தம்பி நகர்கிற அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது உங்களைச் சொல்லலண்ணா."

"பின்னே?"

"என்னைத்தான் சொல்லிக்கிட்டேன். இதை எடுத்த அன்னிக்குத்தான் ஹெட்போன்ல கேட்டேன் அண்ணி குரலை. ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது. உங்ககிட்ட ஒரு தரம் சொன்னேன். நீங்க கத்தினா அப்படித்தான்னு சொன்னதும் விட்டுட்டேன். நீங்க சத்தமா பேசினா நான் எப்பவும் விட்டுடுவேன். அன்னிக்கு மட்டும் விடாம இன்னும் ரெண்டு தரம் சொல்லியிருக்கணும்."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அண்ணன் கேட்டதில்லை. இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் வேண்டாமென்று விட்டார். கோடு நிறைந்தது. முடிந்தது என்று கேமரா சொன்னதும் தம்பி டிஸ்க்கை எடுத்து அண்ணனிடம் நீட்டினான்.

"வீட்டுக்கு வா. அவளும் கேக்கட்டும்" என்றார் மெக்கானிக்.

வீட்டில் டிரைவ் அந்த டிஸ்க்கை ஒரு முனகலும் இல்லாமல் படித்தது. ஃபைலை இறக்கி, மாற்றி, சீப்புப் பல்லைச் சரிசெய்து, மூன்று பேரும் லேப்டாப் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

குதிக்கும் பலகையின் முனையில் ஒரு சிறுமி நடுங்கிக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து குரல் வந்தது.

"தண்ணி உன்னைக் கடிக்காது கண்ணு. நான்தான் கடிப்பேன். குதி!"

சிறுமி குதித்தாள். கோச் கேமராவுக்கு நேராகத் திரும்பினாள்.

"என்ன கொழுந்தனாரே, ஒண்ணும் கேக்க மாட்டீங்களா? சரி, நானே பேசறேன். எங்க வீட்டுக்காரர் இருந்தா எனக்கு எங்க சான்ஸ் கிடைக்கப்போகுது?" பக்கத்துப் படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டாள். "எல்லாரும் கை கால்ல பலம் வேணும்னு நினைக்கறாங்க. அதெல்லாம் தானா வந்துடும். பயந்தா மூச்சை அடக்கிக்கறோம் பாருங்க, அதை விட வைக்கறதுதான் பெரும்பாடு. நான் கத்தறதே அதுக்குத்தான். என் மேல கோவம் வந்துட்டா பிள்ளைங்க பயத்தை மறந்துடும்."

அப்படியே நீளமாகப் பேசிக்கொண்டு போனாள். யாரும் குறுக்கே வரவில்லை. சொற்களின் ஓரத்தில் ஒரு சின்னக் கரகரப்பு இருந்தது. தேடினால்தான் தெரியும். மெக்கானிக் தேடினார், கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில், பிள்ளைகள் பயத்தை மறக்கத்தான் அவள் கத்துகிறாள் என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

படம் முடிந்தது. இரண்டு ஆண்களும் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் இருந்தார்கள். அவள் கருவியை எடுத்தாள்.

"நல்ல குரல்தான்" என்றாள், வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல. கொஞ்சம் யோசித்தாள். "ஆனா இதை மட்டும் போட்டா, போய்ச் சேர்ந்தவங்களுக்குப் போடற படம் மாதிரி இருக்கும். இப்ப பேசறதும் எடுங்க. ரெண்டையும் சேத்து ஒட்டச் சொல்லுங்க அந்தப் பொண்ணை."

"இப்பவா?" என்றார் மெக்கானிக்.

"இப்பத்தான். கொழுந்தனார் எடுக்கட்டும். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

தம்பி போனைக் கையில் எடுத்தான். மெக்கானிக் சுவரோரமாக உதட்டை மடித்துக்கொண்டு நின்றார். அவள் கருவியைச் சரியான இடத்தில் அழுத்தி, நிதானமாகப் பேசினாள். என் குரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தயங்குகிறீர்கள், கேளுங்கள், சொல்கிறேன். நான் இப்போது மூச்சு விடுவது கழுத்தில் உள்ள இந்தத் துளை வழியாக, அதனால் தண்ணீரில் இறங்க முடியாது. கரையில் நிற்க முடியும். நீங்கள் தப்புச் செய்தால் என் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான் பேசினாள். இரண்டு ஃபைல்களும் மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆண்டு விழாவில் குளத்துச் சுவரில் திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். அந்தப் பெண் நன்றாகத்தான் ஒட்டியிருந்தாள். பழைய குரல் 'நான் கத்தறதே அதுக்குத்தான்' என்று முடிந்த இடத்தில், கருவியோடு இருக்கும் முகம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முன்வரிசையில் ஒரு பொடியன் களுக்கென்று சிரித்துவிட்டான். அவன் அம்மா அவசரமாக அவன் வாயைப் பொத்தினாள். கூட்டமே அவன் பக்கம் திரும்பியது.

கோச் நாற்காலியிலிருந்து எழுந்து, கருவியைக் கழுத்தில் வைத்தாள்.

"யாரு சிரிச்சது? நீயா? மூச்சு நல்லாத்தான் இருக்கு. நாளைக்குக் காலையில வா. ரெண்டு சுத்து அதிகம்."

பிள்ளைகள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். "எனக்கும் மேடம்! எனக்கும்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து நின்றாள். புதிய கோச் ஓரத்தில் நின்று இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மெக்கானிக்கின் மனைவி குளத்துக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். தெறிக்கிற தண்ணீர் எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். மெக்கானிக் வேலைக்குப் போகும் வழியில் அவளை இறக்கிவிட்டு, சில நாள் கொஞ்சம் நேரம் நின்று பார்க்கிறார். லீவு நாட்களில் தம்பி கேமராவோடு வருகிறான். அப்போது அண்ணன் அவனுக்கு, எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கம், எந்தப் பிள்ளை நன்றாக நீந்துகிறது என்றெல்லாம் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தம்பி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொள்கிறான்.