பூத்த காட்டுக்குள் நடை

பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கென்று சேலத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய், அது நடக்காமலே ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் வேலைக்குத் திரும்பி வந்தவள் நான். பயத்தில் பிரஷர் ஏறிவிடும். மூன்றாவது தடவை, நூற்று அறுபதுக்குக் கீழே இறங்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று மயக்க டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வலியோடு இன்னொரு மாதம் என்னால் முடியாது.

நர்ஸ் சுஜாதா ஒரு கறுப்புப் பெட்டியைக் கண்ணாடி போல என் கண்ணில் மாட்டினாள். போட்டுக்கொண்டால் வேறு இடத்தில் இருக்கிற மாதிரியே தெரியுமாம், பயம் தணியுமாம்.

"உங்களுக்குன்னே ஏற்காட்டுப் படம் வெச்சிருக்கறனுங்க. வாசமும் உண்டு," என்றான் அதை இயக்குகிற ஜாபெஸ்.

நர்ஸ் மூக்கருகே பஞ்சைப் பிடித்தாள். காப்பிப் பூ வாசம். கண் முன்னே செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. படம் என்னை அதற்குள்ளே நடத்திக்கொண்டு போனது.

பூ விரிந்த காட்டுக்குள் யாராவது கால் வைப்பார்களா? உரசினால் உதிரும், பிஞ்சு பிடிக்காது. பூ வாடும் வரை எஸ்டேட்டில் எங்களை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். தோளை ஒடுக்கி, கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். படம் நிற்கவில்லை.

"அக்கா, என்னங்க இது? நூத்தித் தொண்ணூறு ஆயிருச்சு!" என்றாள் சுஜாதா.

"என்னைய வெளிய உடு சாமி! எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் பாத்தா தோலை உரிச்சிருவாரு!"

"இங்க ஏதுங்க ரைட்டரு?" என்றான் ஜாபெஸ்.

"பூவுக்குள்ள எதுக்குய்யா இழுத்துட்டுப் போற? நீ காப்பிக்காட்டைப் பாத்ததே இல்லியா?"

"எங்க ஊடு ஓமலூருங்க. காப்பியக் குடிச்சதோட சரி."

சுஜாதா சிரித்துவிட்டாள். "அப்ப இந்த வாசத்தை எடுத்தரலாமுங்களா?"

"வாசம் நொம்ப நல்லாருக்குது கண்ணு. நடைதான் ஆகாது. ஓரமா நிக்க வைக்கச் சொல்லு, போதும்."

ஜாபெஸ் படத்தைப் பின்னுக்கு ஓட்டி, காட்டின் ஓரத்தில் நிறுத்தினான். தேனீ இரைச்சல் மட்டும் கேட்டது. பூ விரிந்த நாட்களில் எங்களுக்குக் குனிந்து மண் கொத்துவதும் இல்லை, கிளை வெட்டும் கவாத்தும் இல்லை. நிழலில் உட்கார்ந்து கிழிந்த சாக்கைத் தைப்பதுதான் வேலை. அந்த வாசம் வந்தாலே இடுப்பு கொஞ்சம் நிமிரும். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

சற்று நேரம் போய், "நூத்தி அம்பத்திரெண்டு," என்றாள் சுஜாதா.

"போலாம், அதைக் கழட்டுங்க," என்றார் மயக்க டாக்டர்.

"இன்னுங் கொஞ்சம் இருக்கட்டுமுங்க," என்றேன்.

"சரிம்மா, மயக்கம் வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

படுக்கை வண்டி உருண்டது. நான் மட்டும் பூக்காட்டின் ஓரத்தை விட்டு அசையவில்லை.