டிக்கிக்குள் மைத்துனர்

மைத்துனர் தம் பழைய காரைப் பட்டறை வாசலில் நிறுத்தும்போது அதன் பின்பக்கம் ஒருமுறை ‘டொக்’ என்றது. மெக்கானிக் தலை நிமிரவில்லை. ஏழு ஆண்டுகளாகக் காத்திருந்த சத்தத்தை எழுந்து நின்று வரவேற்க வேண்டியதில்லை.

மனைவியின் அண்ணனான இவருடைய பெரிய பட்டறையில்தான் அவன் முன்பு வேலை பார்த்தான். ஒரு வாடிக்கையாளரின் காருக்குப் பின்சக்கரங்களைத் தாங்கும் கம்பிகளின் மூட்டுகளில் ‘புஷ்’ எனும் புது ரப்பர் வளையங்களைப் போட்டார்கள். பொருத்தியவன் மெக்கானிக், போல்ட்டை முறுக்கியவர் மைத்துனர். ஒரே மாதத்தில் கார் சத்தத்தோடு திரும்பியது.

“சக்கரம் தொங்குறப்பவே முறுக்கிட்டீங்க மச்சான். தரையில நிறுத்திட்டு முறுக்கணும். இல்லாட்டி இறக்கினதும் ரப்பர் திருகிக் கிழிஞ்சுடும்” என்று அவன் தனியாகத்தான் சொன்னான். மைத்துனரோ வாடிக்கையாளரையும் வேலையாட்களையும் வைத்துக்கொண்டு தீர்ப்பளித்தார்: “இவன் செவிடன் சார். ஓட்டிப் பாத்துட்டு நல்லாயிருக்குன்னு அனுப்பிட்டான்.”

வேலை போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் பிறகு தனியாகப் போட்ட இந்தச் சின்னப் பட்டறைக்கு இன்றும் வழி கேட்பவர்களுக்குச் ‘செவிடன் பட்டறை’ என்றால்தான் விளங்கும்.

“எங்க ஆளுங்க எல்லாரும் பாத்துட்டாங்க மாப்பிள்ளை. ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்தியாச்சு. சனியன், போகமாட்டேங்குது. தங்கச்சிதான் உங்ககிட்ட காட்டச் சொன்னா” என்றார் மைத்துனர். தேவையோடு மரியாதையும் வந்திருந்தது.

“புஷ்?”

“போன மாசம் நானே என் கையால போட்டேன். அதுல ஒண்ணுமில்ல.”

மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்தான். இடப்பக்க புஷ்ஷின் ரப்பர் பாதிவரை கிழிந்திருந்தது. கண்டறியும் வேலை அத்துடன் முடிந்தது.

“ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்” என்றான். “ஒருத்தர் டிக்கியில படுத்துக் கேக்கணும். நான் படுக்கலாம், ஆனா நான்தான் செவிடனாச்சே.”

மைத்துனர் முதலில் தொந்தியையும் பிறகு கால்களையும் டிக்கிக்குள் மடக்கி வைத்தார். பேச்சு கேட்கட்டும் என்று மெக்கானிக் பின்னிருக்கையின் சாய்மானத்தைக் கழற்றினான். டிக்கி மூடியைக் கயிற்றால் அரைகுறையாகக் கட்டினான். இரண்டு தெருக்கள் கடந்தன.

“நம்ம பட்டறைத் தெருவுக்கு எதுக்கு மாப்பிள்ளை?”

“அங்கதான் வேகத்தடை நல்லா போட்டிருக்காங்க.”

மூன்றாவது வேகத்தடை பெரிய பட்டறையின் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. மெக்கானிக் பின்சக்கரங்களை அதில் மெதுவாக ஏற்றினான், இறக்கினான், மீண்டும் ஏற்றினான். டொக். டொக். பிறகு இறங்கிப்போய்க் கயிற்றை அவிழ்த்தான். உள்ளே கிடந்தவர் யாரென்று பார்க்க வேலையாட்கள் வந்து நின்றார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் ‘செவிடன்’ என்றதைக் கேட்டுச் சிரித்த ஃபோர்மேனும் அவர்களில் இருந்தார்.

“எங்கேர்ந்து வருது மச்சான்?”

“இடது பக்கம். கைக்குக் கீழயே இடிக்குது.” மைத்துனரும் தொழில் தெரிந்தவர், முகம் மாறியது. “புஷ்ஷுதான்.”

“யார் போட்டது?”

“நான்.”

“போல்ட்டை எப்படி முறுக்கினீங்க?”

அவர் முணுமுணுத்தார்.

“சத்தமா சொல்லுங்க. எனக்குத்தான் காது கேக்காதே.”

“சக்கரத்தைத் தொங்கவிட்டு முறுக்கினேன்யா! போதுமா?”

“அப்போ அந்த வாடிக்கையாளர் காரும்…” என்று தொடங்கிய ஃபோர்மேன் முதலாளியைப் பார்த்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

மாலைக்குள் புது புஷ் போட்டான். காரைத் தரையில் இறக்கி, சக்கரங்கள் முழு எடையையும் வாங்கிய பிறகே போல்ட்டை முறுக்கினான். அரைச்சுற்று தளர்த்தி வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தான். வேண்டாம், சத்தமே இல்லாத காரில் அவர் தினமும் போக வேண்டும்.

அதே மூன்று வேகத்தடைகளையும் தாண்டிக் காட்டினான். கார் வாய் திறக்கவில்லை.

சாவியை வாங்கிக்கொண்ட மைத்துனர் குரலைத் தாழ்த்தினார். “டிக்கியில படுத்ததைத் தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க மாப்பிள்ளை.”

மெக்கானிக் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தான்.

“என்ன சொன்னீங்க மச்சான்?”