சத்துமாவுத் தூக்கு

ஸ்பூன் சுற்றிய சுற்றில் ஆரஞ்சு நிறப் பொடி சுழல்கிறது, கரையாமல் சின்னச் சின்னக் கட்டிகளாக மேலே மிதக்கிறது, ஸ்பூன் டம்ளரில் படும் சத்தம் கூடத்துக்குக் கேட்டுவிடுமோ என்று டம்ளரைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்கிறேன், கோபியில், அத்தையின் சமையலறையில், கருத்தரிப்புச் சிகிச்சை இரண்டாம் முறை தொடங்கிய மாதம் அது, முதல் முறை தவறியதையே மாமியாரான அவரிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை, ஈரோட்டு டாக்டரம்மா ஃபோலிக் மாத்திரையோடு இந்தச் சத்துப் பொடியையும் எழுதிக்கொடுத்து, உடம்பு தெம்பா இருக்கட்டும்மா, மத்தது நம்ம கையில இல்ல என்றார், டப்பாவின் மேல் வயிற்றுப்பிள்ளைக்காரி படம் இருந்தது, அதனால் பொடியைப் பழைய சத்துமாவுத் தூக்கில் கொட்டி மறைத்தேன், அங்கேதான் தப்புப் பண்ணினேன், தினமும் பதினோரு மணிக்கு அந்தத் தூக்கைத் திறக்கிறவர் அத்தை.

நான் ஒரு ஸ்பூன் எடுத்தால் மூன்று ஸ்பூன் குறைகிறது, அது உங்களுக்கில்லை அத்தே என்று எப்படிச் சொல்வது, சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், விடு, அம்மாளுக்கு இந்த வயசுல எனக்கொரு தம்பி பொறந்தா நீதான் தூளி ஆட்டோணும் என்கிறார் என் கணவர் சிவசண்முகம், சிரிக்கிறேன், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை, பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அந்த மதியம், இந்த முறையும் இல்லை என்றார்கள், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், கழுவ ஒரு பாத்திரமும் இல்லை, அத்தை வந்து குழாயை மூடினார், தண்ணி எதுக்குக் கண்ணு வீணாப் போவுது, அழுகறதுன்னா சும்மா அழு, உங்களுக்குத் தெரியுமா அத்தே, ஃபிரிட்ஜுல கருவேப்பலைக்கு அடியில ஊசி மருந்த வெச்சா சமைக்கறவளுக்குத் தெரியாதா, அப்புறம் எதுக்கு அந்தப் பொடியைக் குடிச்சீங்க, ஒடம்புக்கு ஒத்துக்காதது எதாச்சும் அதுல இருந்தா உனக்கு முன்னால எனக்குத் தெரியோணுமல்ல, ஒண்ணும் பண்ணுல, வாய்தான் புளிக்குது என்றார், தூக்கை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார், இன்னும் பாதி இருக்குது கண்ணு.

இது மூன்றாம் முறை, துண்டு கொடியில் கிடக்கிறது, இரண்டு டம்ளர், இரண்டு ஸ்பூன், சத்தம் கூடத்தைத் தாண்டி வாசல்வரை கேட்கிறது, என்னுடையதில் கட்டிகள் இன்னும் மிதக்கின்றன, அத்தை எட்டிப் பார்க்கிறார், நல்லாச் சுத்து, கரையற வரைக்கும் நான் இங்கயேதான் நிக்கறேன்.