அகரவரிசையில் ஒரு மூளை

கட்டிய கணவரையே ஆராய்ச்சிக்கு இழுத்து வரும் நிலைமை எந்த விஞ்ஞானிக்கும் வரக் கூடாது. ஆனால் இருபதாவது ஆளாக வரவேண்டியவர் மூளை ஸ்கேன் செய்யும் குழாயைப் பார்த்ததுமே கம்பி நீட்டிவிட்டார். அந்த இயந்திரம் அவளுக்கு இன்று மாலை வரைக்கும்தான். இருபது பேர் தேறாவிட்டால் நான்கு வருட உழைப்பு அம்போ.

அவள் எழுதிய கணினி நிரல் சொல்வது இதுதான்: பதினாறு வார்த்தைகளைக் காட்டிவிட்டுத் திரும்பக் கேட்டால், நினைவுக்கு வரும் வார்த்தை, பட்டியலில் தன் பக்கத்தில் இருந்ததையும் கையோடு கூட்டி வரும், மூளையும் அதற்கேற்ப மினுங்கும். பத்தொன்பது பேரின் மூளை சொன்ன பேச்சைக் கேட்டது.

அவள் கணவரோ ஆஸ்பத்திரியில் ஃபைல் அறைக் குமாஸ்தா. இருபத்தாறு வருடத்தில் ஒரு ஃபைல்கூடத் தொலைத்ததில்லை என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அவள் மானத்தை வாங்குபவர். குழாய்க்குள் படுத்து வார்த்தைகளைப் பார்த்தார். பிறகு நிதானமாக ஆரம்பித்தார்.

“ஆணி, ஏணி, குடை, சட்டை, பாலம், மேகம்...”

பதினாறும் வந்தன. பட்டியலில் அடுத்தடுத்து இருந்த ஒரு ஜோடிகூடச் சேர்ந்து வரவில்லை. திரையில் நிரலின் கோடு ஒரு பக்கம் போக, மூளையின் கோடு இன்னொரு பக்கம் போனது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?”

“எந்த வரிசையில வேணா சொல்லலாம்னு நீதானே சொன்னே? எனக்குத் தெரிஞ்ச வரிசை அகரவரிசை ஒண்ணுதான்.”

“வரிசையே வேண்டாம். அடுக்காதீங்க. மனசுல வந்ததை வந்தபடி சொல்லுங்க.”

புதுப் பட்டியல் ஓடியது. “விளக்கு,” என்றார். கொஞ்சம் திணறி, “செருப்பு.” பட்டியலிலும் விளக்குக்கு அடுத்தது செருப்புதான்! திரையில் இரண்டு கோடுகளும் தோளோடு தோள் உரசி நடந்தன. ஆறாவது வார்த்தையோடு அவர் ஓய்ந்துபோக, அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினாள்.

வெளியே வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

“பத்து போச்சு,” என்றார்.

“அதாங்க வேணும்! எல்லாரும் அப்படித்தான் மறப்பாங்க. நீங்க மறந்ததாலதான் நான் பிழைச்சேன்.”

அவர் சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டிக்கொண்டிருந்தார். கைதட்டியதை நினைத்து அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அருகில் போய்ப் பொத்தானைச் சரிசெய்தாள். அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, நாளைக்கு யாராவது வந்து அந்தப் பத்தையும் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”